நிலைப் பல் முளைக்கத் தாமதமாகும் குழந்தைக்கு எக்ஸ்ரே எடுக்காமல் சிகிச்சை தொடங்குபவர்களை நம்ப வேண்டாம்

பால் பல் விழுந்து பல மாதங்களாகியும் அந்த இடத்தில் நிலைப் பல் வராமல் கவலையோடு இருக்கும் பெற்றோருக்காக இதை எழுதுகிறேன். என் மகனுக்கு மேல்வரிசையின் இடது நடுப்பல் ஏழு வயது முடிந்த சில வாரங்களில் முளைத்து நன்றாக வளர்ந்துவிட்டது. வலது நடுப்பல் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் ஈறுதான் இருந்தது. எட்டரை வயதாகியும் அதே நிலை நீடித்ததால், குழந்தைகளின் பல் சிகிச்சையில் சிறப்புப் பெற்றவர்கள் என்று விளம்பரம் செய்துகொள்ளும் ஒரு மருத்துவமனைக்கு அவனை அழைத்துச் சென்றோம். அங்கே பணத்தை இழந்தது ஒருபுறம் இருக்கட்டும். பல் தானாக இறங்கி வந்திருக்கக்கூடிய காலத்தில் ஓராண்டுக்கு மேல் வீணாகப் போனதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

முதல் நாள் அங்கிருந்த மருத்துவர் சிறு கண்ணாடியால் வாயை ஒருமுறை பார்த்துவிட்டு, உடம்பில் கால்சியம் போதவில்லை என்றும் ஈறு தடித்திருக்கிறது என்றும் சொல்லி, டானிக்கும் ஈறில் தடவுவதற்கு ஒரு ஜெல்லும் எழுதிக் கொடுத்தார். இரண்டையும் அங்கேயே வாங்கச் சொன்னார்கள். எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டாமா என்று கேட்டதற்கு, இந்த வயதில் பிள்ளைக்குக் கதிர்வீச்சு எதற்கு என்று பதில் வந்தது. குழந்தையின் மேல் அக்கறையோடு சொல்லப்பட்டது போல் தோன்றும் அந்தப் பதிலை எந்தப் பெற்றோரும் எளிதில் மறுத்துப் பேச மாட்டார்கள். உண்மையில் ஒரு பல்லுக்கு எடுக்கும் சிறிய எக்ஸ்ரேயின் கதிர்வீச்சு, நாம் அனைவரும் ஒரு நாளில் இயற்கையாகவே பெறும் அளவை ஒட்டியதுதான்.

அடுத்தடுத்துச் சென்றபோதெல்லாம் டானிக்கை மாற்றிக் கொடுத்தார்கள். இதற்கிடையில் வலப்பக்கத்து இரண்டாம் முன்பல் முளைத்து, காலியாக இருந்த இடத்தை நோக்கிச் சாயத் தொடங்கியது. முறைப்படி நடுப்பல் வந்த பிறகே அதன் பக்கத்துப் பல் வர வேண்டும். அந்த வரிசை மாறுவதே உள்ளே ஏதோ தடை இருப்பதற்கான முக்கியமான அடையாளம். அதைக் கவனித்திருக்க வேண்டியவர்கள், பல் சாய்கிறது என்று எங்களைப் பயமுறுத்தி, கழற்றி மாட்டும் கிளிப் ஒன்றுக்கு முழுப் பணத்தையும் முன்னதாகவே வாங்கிக்கொண்டார்கள். அப்போதும் எக்ஸ்ரே எடுக்கவில்லை. ஈறுக்குள் பல் இருக்கிறதா இல்லையா என்பதே தெரியாமல் எந்தப் பல்லை எங்கே நகர்த்தப் போகிறார்கள் என்று நான் கேட்டதற்கு, ஒவ்வொரு பிள்ளைக்கும் வளர்ச்சி வேறு என்பதற்கு மேல் விளக்கம் கிடைக்கவில்லை.

கால்சியம் பற்றிய பேச்சைக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் பலரை நம்பவைப்பது அதுதான். மேல் நடுப்பல்லின் வெளியே தெரியும் பகுதி, குழந்தை பிறந்து மூன்று நான்கு மாதங்களில் கெட்டிப்படத் தொடங்கி, நான்கு ஐந்து வயதுக்குள் முழுமையாக உருவாகிவிடுகிறது. எட்டு வயதில் கொடுக்கும் டானிக் ஏற்கெனவே உருவாகிவிட்ட ஒரு பல்லைக் கீழே இறக்கிவிடாது. வைட்டமின் டி குறைபாடோ தைராய்டு சுரப்புக் குறைவோ பல் முளைப்பதைத் தாமதப்படுத்துவது உண்டு. ஆனால் அப்படிப்பட்ட காரணங்கள் வாய் முழுவதையும் பாதிக்குமே தவிர, இடப்பக்கத்தை விட்டுவிட்டு வலப்பக்கத்தில் ஒரே ஒரு பல்லை மட்டும் பிடித்து நிறுத்துவதில்லை. ஒரு பக்கத்தில் வந்த பல் மறுபக்கத்தில் வரவில்லை என்றால் காரணத்தை அந்த இடத்தில்தான் தேட வேண்டும்: உபரிப் பல் ஏதேனும் வழியை மறிக்கலாம், சிறு வயதில் பால் பல்லில் பட்ட அடியால் உள்ளிருந்த பல் திசைமாறியிருக்கலாம், இடம் போதாமல் இருக்கலாம், பல்லே உருவாகாமலும் இருக்கலாம். இவற்றில் எது என்பதை வெறும் கண்ணால் பார்த்து யாராலும் சொல்ல முடியாது.

வேறொரு மருத்துவர் முதல் வேலையாக எக்ஸ்ரே எடுத்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து, பேனா முனையால் ஒவ்வொன்றாகச் சுட்டிக்காட்டினார். வலது நடுப்பல் முழுதாக உருவாகி, மேலே எலும்புக்குள் சற்றுச் சாய்ந்து நின்றது. அது இறங்க வேண்டிய பாதையின் குறுக்கே, அண்ணத்தின் பக்கமாக, பீப்பாய் வடிவில் குட்டையான இன்னொரு பல் கிடந்தது. வேர் வளர்ந்துகொண்டிருக்கும் பருவத்தில் இப்படிப்பட்ட உபரிப் பல்லை எடுத்துவிட்டு, போதிய இடமும் இருந்தால், பல பிள்ளைகளுக்கு நிலைப் பல் தானாகவே இறங்கிவிடுகிறது என்று அவர் விளக்கினார். என் மகனுக்கு இப்போது பக்கத்துப் பல் சாய்ந்து இடத்தை அடைத்துவிட்டதால், உபரிப் பல்லை அறுவை மூலம் எடுத்ததோடு வேலை முடியவில்லை. இடத்தை மீண்டும் திறக்க வேண்டியிருக்கிறது. அதன் பிறகும் பல் வராவிட்டால், ஈறைத் திறந்து, பல்லின் மேல் சிறு பட்டன் ஒன்றை ஒட்டி, மெல்லிய சங்கிலியால் மெதுவாக இழுத்து இறக்க வேண்டும்.

தடை இருந்த இடத்தில் பொறுத்திருங்கள் என்று சொன்ன அதே மருத்துவமனை, பொறுத்திருந்தாலே போதுமான இடத்தில் அவசரப்படுத்தியதையும் சொல்லியாக வேண்டும். எட்டு வயதில் என் மகளின் மேல் முன்பற்களுக்கு நடுவே சிறு சந்து விழுந்து, பற்கள் சற்றே வெளிப்புறமாக விரிந்திருந்தன. உடனே கிளிப் போடாவிட்டால் முகமே மாறிவிடும் என்றார்கள். இந்தச் சந்து அந்த வயதில் பெரும்பாலான பிள்ளைகளிடம் இருப்பதுதான். பதினொன்று, பன்னிரண்டு வயதில் மேல் கோரைப்பற்கள் இறங்கும்போது பெரும்பாலும் தானாகவே மூடிக்கொள்கிறது. கீழ் முன்பல் பால் பல்லுக்குப் பின்னால் இரண்டாம் வரிசையாக முளைப்பதும் பெரும்பாலும் பயப்பட வேண்டியதில்லை. பால் பல் விழுந்ததும் நாக்கின் அழுத்தமே அதை முன்னால் தள்ளிவிடும். பொதுவாக ஓராண்டு முன்பின்னாகப் பல் வருவதும் இயல்பே. பெண் பிள்ளைகளுக்குச் சற்று முன்னதாகவே முளைத்துவிடும்.

அலட்சியம் செய்யக் கூடாத அடையாளங்கள் வேறு. ஒரு பக்கத்துப் பல் வந்து ஆறு மாதங்களாகியும் மறுபக்கத்தில் அதே பல் வராமல் இருந்தாலும், நடுப்பல் வருவதற்கு முன்பே அதன் பக்கத்துப் பல் முளைத்தாலும், ஒரு பக்கத்தில் மட்டும் பால் பல் ஆடாமல் உறுதியாக நின்றாலும் தாமதிக்காமல் படம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். பத்து வயதை ஒட்டி, மேல் ஈறின் வெளிப்பக்கத்தில், கோரைப்பல் வரவேண்டிய இடத்தில் மருத்துவர் விரலால் தடவிப் பார்த்தால் சிறு புடைப்பு தட்டுப்பட வேண்டும். ஒரு பக்கம் இருந்து மறுபக்கம் இல்லையென்றால், அந்தப் பல் அண்ணத்தின் பக்கமாகத் திசைதிரும்பியிருக்கக்கூடும். சிகிச்சை என்று எதைச் சொன்னாலும், பல் உள்ளே இருக்கிறதா, எது தடுக்கிறது, வேர் எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்ற மூன்றையும் படத்தைக் காட்டி விளக்கச் சொல்லுங்கள். படத்தின் பிரதியையும், என்ன சிகிச்சை, எதற்காக என்று தேதியிட்டு எழுதிய குறிப்பையும் கையில் வாங்கிய பிறகே பணம் கொடுங்கள். முழுத் தொகையை ஒரேயடியாகக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

எங்களுக்கு அவர்கள் கொடுத்த ரசீதில் பல் சிகிச்சை என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறெதுவும் இல்லை. பரிசோதனைக் குறிப்புகளின் பிரதியைக் கேட்டோம். அப்படி எதையும் எழுதி வைப்பதில்லை என்றார்கள். இரண்டாம் மருத்துவர் கொடுத்த எக்ஸ்ரேயின் பிரதியையும் அவருடைய குறிப்பையும் இணைத்து, கிளிப்புக்காகக் கட்டிய தொகை முழுவதையும் திருப்பித் தரும்படி எழுத்துமூலம் கேட்டிருக்கிறோம். இதுவரை பதில் வரவில்லை.