செம்புச் சுரங்க மேட்டில் எந்த மெட்டல் டிடெக்டர்?

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில், சுப்பீரியர் ஏரிக்குள் நீண்டு கிடக்கும் கீவெனா தீபகற்பத்துக்குச் செம்பு நாடு என்றே பெயர். 1840-களில் அங்கே சுரங்க வேலை தொடங்கியது. குவின்சி சுரங்கம் 1846 முதல் 1945 வரை ஓடியது. கலுமெட் அண்ட் ஹெக்லா நிறுவனத்தின் சுரங்கங்கள் 1968-இல் நின்றன. இன்று மிஞ்சியிருப்பவை இடிந்த கொதிகலன் கூடங்கள், தொழிலாளர் வீடுகளின் அஸ்திவாரங்கள், மேடு மேடாகக் கொட்டிய கழிவுப் பாறைகள். டிடெக்டரோடு அங்கே போகிறவர்கள் தேடுவது தொழிலாளர்களின் பித்தளை எண் வில்லைகள், சுரங்கத்துக்குள் எரித்த கார்பைடு வாயு விளக்கின் பாகங்கள், பொத்தான்கள், காசுகள். அப்புறம், தாதுவாக இல்லாமல் உலோகமாகவே பாறைக்குள் கிடக்கும் இயற்கைச் செம்பு.

இதற்கு இரண்டு வகைக் கருவிகள் போட்டி போடுகின்றன. ஒன்று, வி.எல்.எஃப். (மிகத் தாழ்ந்த அதிர்வெண்) எனப்படும் சாதாரண வகை. மைன்லேப் ஈக்வினாக்ஸ், காரெட் ஏ.டி. புரோ, நோக்டா லெஜண்ட் எல்லாம் இதில் சேரும். இன்னொன்று பல்ஸ் இண்டக்‌ஷன், மைன்லேப் ஜி.பி.எக்ஸ். 5000, காரெட் ஆக்சியம் போன்றவை. விலையில் பல்ஸ் பல மடங்கு அதிகம்.

பல்ஸுக்கு ஆள் சேர்ப்பது ஆழம்தான். அது மின்துடிப்பை விட்டுவிட்டு அனுப்பும். நடுவில் வரும் இடைவெளியில், மண்ணுக்குள் இருக்கும் உலோகத்தில் எழுந்த மின்னோட்டம் எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று கேட்கும். மண்ணின் சத்தம் சீக்கிரம் அடங்கிவிடும், செம்பின் சத்தம் நீளும். கீவெனாவின் பாறை, எரிமலைக் குழம்பு உறைந்த பசால்ட். அதிலுள்ள இரும்புத் தாது வி.எல்.எஃப். கருவியைக் குழப்பும், பல்ஸை அவ்வளவாகக் குழப்பாது. காகிதத்தில் பார்த்தால் பல்ஸ்தான் ஜெயிக்க வேண்டும்.

ஆனால் பழைய தொழிற்கூடத்தில் எதிரி மண் இல்லை, இரும்புக் குப்பை. ஆணி, போல்ட், தண்டவாள முளை, துளையிடும் கம்பித் துண்டு, கம்பிவடத்தின் இழை என்று அடிக்கு அடி கிடக்கும். பல்ஸ் கருவி இரும்பையும் பித்தளையையும் பிரித்துச் சொல்வதில் பலவீனமானது. இரும்பு விலக்கும் வசதி சிலவற்றில் உண்டு. மேலோட்டமாகக் கிடக்கும் துண்டுகளுக்கு ஓரளவு உதவும், அதற்குக் கீழே நம்ப முடியாது. கிடைக்கும் ஆழமே தண்டனையாகிவிடும்: முழங்கை ஆழம் தோண்டி ஒரு முளையை எடுப்பீர்கள்.

வி.எல்.எஃப். தொடர்ந்து அலை அனுப்பி, திரும்பும் அலையின் கட்ட மாற்றத்தை, அதாவது அது எவ்வளவு பிந்தி வருகிறது என்பதைப் பார்த்து உலோகத்துக்கு ஒரு எண் காட்டும். அந்த எண்ணையும் முழுசாக நம்பிவிட வேண்டாம். தட்டையான இரும்புத் தகடும் வாஷரும் நல்ல உலோகம்போல நடிக்கும். கொதிகலன் சாம்பலில் கட்டியான நிலக்கரிக் கசடு, ஈயத்தாள்போல முனகும். இருந்தாலும், தோண்டாமல் நகர்ந்துவிடலாம் என்று முடிவெடுக்கவாவது ஒரு துப்பு கிடைக்கிறது.

உண்மையில் காசு போட வேண்டிய இடம் காயில்தான், அதாவது கருவியின் அடியில் மண்ணுக்கு மேலே ஆட்டும் வட்டத் தட்டு. ஈக்வினாக்ஸ் 800 வந்தபோது 11 அங்குலக் காயிலோடு வந்தது. தனியாக 6 அங்குலமும் வாங்கலாம். பெரிய காயிலின் அடியில் ஒரே சமயத்தில் நாலு ஆணியும் ஒரு பொத்தானும் இருந்தால், ஆணிகளின் சிக்னலில் பொத்தான் மறைந்துபோகும். இரும்பு ஒலியை அணைத்துவிட்டு நடந்தால் அந்த இடம் காலி என்றே நினைப்பீர்கள். 6 அங்குலம் ஆணிகளுக்கு நடுவே நுழைந்து பார்க்கும், ஆழம் மட்டும் குறையும். பழைய வீட்டு அஸ்திவாரத்தைச் சுற்றி, இரும்பு ஒலியையும் திறந்துவைத்து மெதுவாக ஆட்டுவது என் தேர்வு. கருவியின் மீட்பு வேகத்தைக் கூட்டிவைக்கலாம். ஒரு சிக்னலிலிருந்து அடுத்ததற்கு அது சட்டென்று மாறும்.

சரி, பல்ஸ் எங்கே ஜெயிக்கும்? கட்டடமே இல்லாத காட்டில். பனிப்பாறைகள் பெயர்த்து இழுத்துப்போட்ட செம்புக் கட்டிகள் அங்கே மண்ணுக்கடியில் கிடக்கும், இரும்பு அரிது. அதை மட்டுமே தேடுகிறவருக்கு அந்த விலை நியாயம். கழிவுப் பாறை மேடு நடுத்தரம்: பெரிய காயில் போட்ட வி.எல்.எஃப். போதும், செம்பு தெளிவாக ஒலிக்கும். அதிர்ஷ்டம் இருந்தால் செம்பும் வெள்ளியும் ஒட்டிய கட்டியும் வரும்.

எந்தக் கருவியானாலும் ஒன்று பொது. வெடி வைக்கும் டெட்டனேட்டர்களில் பலவற்றுக்குச் செம்பு உறைதான். பென்சில் துண்டுபோலச் சின்னக் குழாய், சிக்னலோ அருமையாக இருக்கும். கண்டால் தொடாமல், இடத்தைக் குறித்துக்கொண்டு போலீஸுக்குச் சொல்ல வேண்டும். 1992-இல் அமைந்த கீவெனா தேசிய வரலாற்றுப் பூங்காவின் அரசு நிலத்தில் டிடெக்டருக்கே தடை. மற்ற நிலங்களில் உரிமையாளரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிக்கொள்வது நல்லது. பழைய சுரங்க வாய் எங்கெங்கே இருக்கிறது என்பதையும் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம்.