குறுஞ்செய்தியா, செயலியா, பாஸ்கீயா: பல்கலைக்கழகக் கணக்குக்கு எந்த இரண்டாம் பூட்டு?

அமெரிக்கப் பல்கலைக்கழக ஊழியர்களைக் குறிவைத்து நடந்த சம்பளத் திருட்டு ஒன்றை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபரில் விவரித்தது. மூன்று பல்கலைக்கழகங்களில் கைப்பற்றிய 11 கணக்குகளிலிருந்து, 25 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 6,000 முகவரிகளுக்கு, போலிப் பக்கத்துக்கு இழுத்துக் கடவுச்சொல்லைப் பறிக்கும் தூண்டில் மின்னஞ்சல்கள் (ஃபிஷிங்) போயின. சிக்கியவர்களின் கணக்கு வழியே திருடர்கள் சம்பளப் பதிவுக்குள் நுழைந்து, பணம் போய்ச் சேரும் வங்கிக் கணக்கை மாற்றினர். அதைப் பற்றிய எச்சரிக்கை மின்னஞ்சல் வந்தால் உரியவர் பார்க்கும் முன்பே அது அழிந்துவிடும்படி அஞ்சல்பெட்டியில் ஒரு விதியையும் எழுதிவைத்தனர். கடவுச்சொல்லுக்கு மேல் இரண்டாம் பூட்டே இல்லாத கணக்குகளோடு, அந்தப் பூட்டு இருந்த கணக்குகளும் இதில் விழுந்தன. ஆகவே, இருபடிச் சரிபார்ப்பைக் கட்டாயமாக்கிவிட்டோம் என்று ஒரு பல்கலைக்கழகம் சொன்னால், எந்த வகைச் சரிபார்ப்பு என்று கேட்க வேண்டியிருக்கிறது.

குறுஞ்செய்தியில் வரும் ஓடிபிதான் எல்லோருக்கும் பழக்கமானது. பொத்தான் கைப்பேசி வைத்திருப்பவருக்கும் அது வரும். யாருக்கும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் அது ஆளோடு ஒட்டியதன்று, எண்ணோடு ஒட்டியது. வெளிநாட்டுக்கு ஆய்வுக்குச் சென்றவரின் சிம் அங்கே இயங்காவிட்டால் அவர் தன் மின்னஞ்சலையே திறக்க முடியாது. இந்தியாவில் துண்டிக்கப்பட்ட எண் 90 நாள்களுக்குப் பின் வேறொருவருக்குப் போகக்கூடும். மாணவர்கள் எண்ணை மாற்றிவிட்டு அலுவலகத்துக்குத் தெரிவிக்காமல் விடுவது எவ்வளவு சாதாரணம் என்பது எந்தத் துறை எழுத்தரைக் கேட்டாலும் தெரியும்.

முப்பது வினாடிக்கு ஒருமுறை ஆறிலக்க எண்ணைக் காட்டும் ஆதென்டிகேட்டர் செயலி இந்தக் குறைகளைப் பெருமளவு தீர்க்கிறது. அதற்குச் சிக்னல் தேவையில்லை, எண்ணை மாற்றினாலும் கவலையில்லை, போலி சிம் வாங்கித் திருடும் வழியும் அடைபடுகிறது. இத்தோடு வேலை முடிந்தது என்று பல நிறுவனங்கள் நினைக்கின்றன. எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்றைய தூண்டில் பக்கங்கள் வெறும் போலிப் படிவங்களாக இருப்பதில்லை. பயனருக்கும் உண்மையான நுழைவுப் பக்கத்துக்கும் நடுவில் நின்று, இங்கே தட்டெழுதுவதை அக்கணமே அங்கே செலுத்துகின்றன. அந்த வேகத்துக்கு முப்பது வினாடி தாராளம். எண் செயலியிலிருந்து வந்தாலும் குறுஞ்செய்தியிலிருந்து வந்தாலும், தன்னைக் கேட்பது யார் என்று அதற்குத் தெரியாது.

கைப்பேசித் திரையில் ‘அனுமதிக்கவா’ என்று கேட்கும் முறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 2022 செப்டம்பரில் ஊபர் நிறுவனத்துக்குள் நுழைந்தவர், ஓர் ஒப்பந்த ஊழியருக்கு அனுமதிக் கோரிக்கைகளைத் தொடர்ந்து அனுப்பி அவரைச் சலிக்க வைத்தே சம்மதம் பெற்றார். இதற்கு மாற்றாக, நுழைவுத் திரையில் தெரியும் எண்ணைக் கைப்பேசியில் இட வைக்கும் முறை உண்டு. மைக்ரோசாஃப்ட் அதை 2023 மே மாதத்தில் கட்டாயமாக்கியது. சலிப்பில் தவறி அழுத்துவதை இது தடுக்கும். நடுவில் நிற்கும் போலிப் பக்கமோ அந்த எண்ணையும் அப்படியே எடுத்துக் காட்டிவிடும்.

கைப்பேசியிலோ கணினியிலோ சேமிக்கப்பட்டு, கைரேகையாலோ திரைப்பூட்டாலோ திறக்கும் மின்னணுச் சாவியான பாஸ்கீயும், கணினியில் செருகும் யூஎஸ்பி பாதுகாப்புச் சாவியும் வேறு இனம். இவற்றில் மனிதர் பார்த்துத் தட்டெழுத வேண்டிய எண் எதுவுமில்லை. சாவி எந்த இணைய முகவரிக்காக உருவாக்கப்பட்டதோ அதற்கு மட்டுமே மறுமொழி தரும். ஓரெழுத்து மாறிய போலி முகவரியை ஆள் கவனிக்காவிட்டாலும் உலாவி கவனிக்கும். 2022இல் டுவிலியோ நிறுவனத்தைச் சாய்த்த அதே பாணித் தூண்டிலில் கிளவுட்ஃபிளேர் நிறுவன ஊழியர்கள் மூன்று பேர் கடவுச்சொல்லைக் கொடுத்துவிட்டனர். பாதுகாப்புச் சாவி கட்டாயமாக இருந்ததால் திருடர்களால் உள்ளே போக முடியவில்லை. கூகுள் 2019இல் வெளியிட்ட ஆய்வும் இதையே எண்ணிக்கையில் காட்டியது. குறிவைத்த தாக்குதல்களில் குறுஞ்செய்தி 76 விழுக்காட்டையும், கைப்பேசி அனுமதி 90 விழுக்காட்டையும் தடுத்தன. பாதுகாப்புச் சாவியைத் தாண்டி ஒன்றுகூட நுழையவில்லை.

அப்படியானால் எல்லோருக்கும் பாஸ்கீ என்று ஆணையிட்டுவிடலாமே என்று தோன்றும். வளாகத்தின் நடைமுறை அவ்வளவு எளிதாக இல்லை. நூலகக் கணினியில் அமர்ந்து கைப்பேசியிலுள்ள பாஸ்கீயால் நுழைய வேண்டுமானால் இரண்டிலும் புளூடூத் இருக்க வேண்டும். ஆய்வகங்களின் பழைய மேசைக் கணினிகள் பலவற்றில் அது கிடையாது. கைப்பேசியை உள்ளே விடாத தேர்வு மையத்தில் யூஎஸ்பி சாவிதான் உதவும், அதை ஆயிரக்கணக்கான மாணவர்களுக்கு வாங்கிக் கொடுக்கப் பெரும்பாலான பல்கலைக்கழகங்களிடம் பணமில்லை. ஆகவே பணத்தையும் மதிப்பெண்ணையும் தொடும் நிதிப் பிரிவு, தேர்வுக் கட்டுப்பாட்டாளர் அலுவலகம், கணினி மைய நிர்வாகிகள் ஆகியோருக்கு ஆளுக்கு இரண்டு சாவிகள் தரலாம், ஒன்று மேசை இழுப்பறையில் இருக்கட்டும். மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் கைப்பேசி பாஸ்கீ போதும். அது இயலாதவர்களுக்கு எண் காட்டும் செயலி.

இவ்வளவு செய்தும் பலர் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு. கைப்பேசி தொலைந்தவர் கணக்கை மீட்க என்ன செய்கிறார் என்பதே அது. முன்வாசலில் பாஸ்கீயைப் பூட்டிவிட்டு, மீட்புக்கு மட்டும் குறுஞ்செய்தியை வைத்தால் கொல்லைப்புறக் கதவு திறந்தே கிடக்கிறது. சம்பளத் திருடர்களும் சில கணக்குகளில் தங்கள் தொலைபேசி எண்ணையே சரிபார்ப்புக்குப் பதிவுசெய்து தங்கிக்கொண்டனர். வளாகத்தில் இருப்பவர் அடையாள அட்டையோடு கணினி மையத்துக்கு நேரில் வரலாம். தொலைநிலைக் கல்வி மாணவருக்கு அந்த வசதி இல்லை. அவருக்குச் சேர்க்கையின்போதே ஒருமுறை மட்டும் பயன்படும் மீட்பு எண்களைத் தாளில் அச்சிட்டுத் தருவது, பழைய பாணியாகத் தோன்றினாலும், நான் அறிந்தவற்றில் குறைந்த தொல்லை தரும் வழி.

மாற்றும் நாளையும் யோசித்தே குறிக்க வேண்டும். தேர்வுக் கட்டணத்துக்குக் கடைசி நாள் நெருங்கும் வாரத்தில் குறுஞ்செய்தியை நிறுத்தினால், அன்று மாலைக்குள்ளேயே யாராவது ஒருவர் துணைவேந்தரிடம் சொல்லி அதைத் திரும்பக் கொண்டுவந்துவிடுவார்.