புகையடுப்பில் சீரான சூடு: நகர்த்தும் தகடா, எதிரோட்டத் தகடா?

பரலில் (பீப்பாயில்) செய்து, பக்கப் பெட்டியில் நெருப்பு எரிக்கும் புகையடுப்பில் நெருப்பை ஒட்டிய முனையில் இறைச்சி கருகும் வேளையில் மறுமுனை வேகாமல் கிடப்பதைத் தீர்க்க இரு வழிகள் உண்டு. ஒன்று நகர்த்தும் தகடு: கம்பித்தட்டின் கீழ் 6 மில்லிமீற்றர் இரும்புத் தகடுகளை, நெருப்புப் பக்கம் நெருக்கமாகவும் அப்பால் இடைவெளி விட்டும் தளர்வாக அடுக்குவது. மற்றது எதிரோட்டத் தகடு: நீளமான ஒற்றைத் தகட்டை வெல்டிங் செய்து பொருத்தி, புகையை அதன் அடியால் மறுமுனை வரை செலுத்தித் திருப்பி, அடுப்புப் பக்கப் புகைபோக்கியால் வெளியேற்றுவது.

செலவு: முன்னதற்குத் தகடு வெட்டும் கூலியே போதும், பின்னதற்கு வெல்டிங்கும் புகைபோக்கியை இடம் மாற்றும் வேலையும் சேரும்.

சூடு: நகர்த்தும் தகடுகளை, இரு முனைகளிலும் வெப்பமானி வைத்துப் பார்த்துப் பார்த்தே ஒழுங்குபடுத்த வேண்டும்; எதிரோட்டத் தகடு சூடேறத் தாமதித்து விறகைக் கூடுதலாக விழுங்கினாலும், ஏறிய பின் தன்பாட்டில் சமனாக நிற்கும்.

நீடித்த உழைப்பு: கல்லடி போன்ற கரையோரத்து உப்புக்காற்றில் இதுவே முக்கியம் என்பேன். தளர்வான தகடுகளைக் கழற்றிச் சுரண்டி எண்ணெய் பூசலாம். வெல்டிங் செய்த தகட்டின் அடிப்புறத்துத் துருவைக் கை எட்டாது, அதன்மேல் தேங்கும் கொழுப்பு வடியச் சரிவும் துளையும் வேண்டும்.

எதுவாயினும், சூட்டில் நச்சுப்புகை விடும் நாகம் (துத்தநாகம்) பூசிய தகட்டைத் தவிர்க்கவும்.

எப்போதாவது வீட்டில் கோழி புகைப்போருக்கு நகர்த்தும் தகடு பொருந்தும். பாசிக்குடாவிலோ அறுகம்பையிலோ விருந்தினருக்காக அடிக்கடி தட்டு நிறைய இறைச்சி வைப்போருக்கு எதிரோட்டமே ஏற்றது.