பழங்குடி அங்கீகாரம்: மனுவா, மசோதாவா?

அமெரிக்காவில் ஒரு பழங்குடி தன்னாட்சி அரசாக ஏற்கப்பட முக்கியமாக இரண்டு வழிகள்: பழங்குடி விவகாரங்களைக் கவனிக்கும் அமெரிக்க உள்துறையிடம் (Department of the Interior) மனு, அல்லது நாடாளுமன்றமான காங்கிரஸில் தனி மசோதா. மனு கொடுத்தால் ஏழு நிபந்தனைகளையும் ஆவணத்தோடு நிரூபிக்க வேண்டும். இன்றைய விதிப்படி 1900 முதல் தனிச் சமூகமாக, தங்களுக்கென்று தலைமையோடு வாழ்ந்ததையும் காட்ட வேண்டும். பலர் சறுக்குவது இங்கேதான். வர்ஜீனியாவில் 1924ஆம் ஆண்டின் இனத்தூய்மைச் சட்டத்துக்குப் பிறகு, பிறப்புப் பதிவேடுகளில் 'இந்தியர்' (அதாவது அமெரிக்கப் பூர்வகுடி) என்றிருந்ததை அதிகாரிகளே 'கறுப்பர்' என்று திருத்தினார்கள். அழித்த பதிவையே சான்றாகக் கேட்பது பெரும் அநியாயம்.

அப்படியும் வர்ஜீனியாவின் பமுங்கி பழங்குடி மக்கள் 2015இல் மனு வழியில் வென்றார்கள். அதே மாநிலத்தின் சிக்கஹோமினி உள்ளிட்ட ஆறு குடிகள் காங்கிரஸை நாடி, 2018இல் தனிச்சட்டம் பெற்றன. ஆண்டுக்கணக்கான ஆவண ஆய்வு அவர்களுக்குத் தேவைப்படவில்லை. ஆனால் அதே சட்டம் அவர்கள் கேசினோ (சூதாட்ட விடுதி) நடத்துவதைத் தடுக்கிறது. பமுங்கிக்கு அந்தத் தடை இல்லை. ஆவணம் கையில் இருந்தால் மனுவே மேல்.