விற்ற துணி திரும்பி வரும்போது: திருப்பி வாங்குவதா, அவரிடமே விட்டுவிடுவதா?

2023-ஆம் ஆண்டு தீபாவளி நவம்பர் 12-ஆம் தேதி முடிந்து, பத்து நாள்களுக்குள் மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள என் வீட்டுக்கு ஏழு பாவாடை சட்டைகள் திரும்பி வந்தன. 2020 மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது வருமானத்துக்கு வழியின்றித் தொடங்கிய இணைய விற்பனையில், அதுவரை மாதத்துக்கு ஒன்று திரும்பி வருவதே அரிதாக இருந்ததால், இதற்கென்று ஒரு முறையை நான் யோசித்து வைத்திருக்கவில்லை. அந்த ஏழையும் மறுபேச்சின்றி வாங்கிக்கொண்டு முழுப் பணத்தையும் அனுப்பினேன். கணக்குப் பார்த்தபோதுதான் அது சரியான முடிவல்ல என்று தெரிந்தது. அதற்குப் பிறகு மாற்றிக் கொடுத்துப் பார்த்தேன். பின்னர், துணியை வாங்கியவரிடமே விட்டுவிட்டுப் பணத்தில் ஒரு பகுதியை மட்டும் திருப்பித் தரும் முறைக்கு வந்தேன். இன்று பெரும்பாலும் கடைசி முறையைத்தான் கையாள்கிறேன் என்பதால், அதன் பக்கம் சாய்ந்தே எழுதுகிறேன்.

முதலில் சட்டத்தைச் சொல்லிவிட வேண்டும். மலேசியாவின் 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளையோ சொன்ன விவரத்துக்கு மாறான பொருளையோ அனுப்பிவிட்டால் அதற்குரிய நிவாரணம் வாங்கியவரின் உரிமை; ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று எழுதி வைப்பதால் அந்த உரிமை போய்விடாது. நாம் மறுத்தால், 5 வெள்ளி (ரிங்கிட்) கட்டணத்தில் அவர் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். ஆகவே கிழிந்தோ கறைபட்டோ போன துணிக்கு ஒப்பீடே தேவையில்லை. அவர் கேட்பதைக் கொடுத்துவிட வேண்டும். இங்கே நான் ஒப்பிடுவது, ‘அளவு சரியில்லை’, ‘நிறம் மனத்துக்குப் பிடிக்கவில்லை’ என்று வருபவற்றை மட்டுமே.

மாற்றிக் கொடுப்பது பார்வைக்கு நியாயமானது. ஆனால் கிள்ளான் தெங்கு கிளானா சாலையில் மொத்த விலைக்கு வாங்கிவரும் என்னைப் போன்றவர்களிடம் ஒரு நிறத்தில் ஓர் அளவுக்கு இரண்டு உருப்படிகள் இருந்தாலே அதிகம். கேட்கும் அளவு இருப்பதில்லை. இருந்தாலும் போகவும் வரவும் மீண்டும் போகவும் என்று மூன்று முறை அஞ்சல் செலவாகிறது. ஒரே அளவில் நிறையச் சரக்கு வைத்திருப்பவர்களுக்கு இது பொருந்தலாம்.

எஞ்சிய இரண்டு முறைகளையும் பிரித்துக் காட்டுவது ஒரே கேள்வி: திரும்பி வந்த துணியை என்ன விலைக்கு மறுபடியும் விற்க முடியும்? என் கணக்கையே வைக்கிறேன். அஞ்சல் செலவையும் சேர்த்து 65 வெள்ளிக்கு விற்கும் பாவாடை சட்டையின் அடக்கவிலை 38 வெள்ளி, தீபகற்ப மலேசியாவுக்குள் அனுப்ப 8 வெள்ளி, உறைக்கும் ஒட்டுநாடாவுக்கும் 2 வெள்ளி. திரும்பி வராவிட்டால் கையில் நிற்பது 17 வெள்ளி. திருப்பி வாங்கினால், வருவதற்கு 8 வெள்ளியும், இன்னொருவருக்கு மீண்டும் அனுப்ப 10 வெள்ளியும் சேர்ந்து மொத்தச் செலவு 66 வெள்ளி ஆகிறது. அதே 65 வெள்ளிக்கு மறுபடியும் விற்றால் நட்டம் ஒரு வெள்ளிதான். மாறாக, துணியை அவரிடமே விட்டுவிட்டு 20 வெள்ளியைத் திருப்பித் தந்தால், 48 வெள்ளிச் செலவுக்கு 45 வெள்ளி வந்து, மூன்று வெள்ளி நட்டம். இதுவரை பார்த்தால் திருப்பி வாங்குவதே இரண்டு வெள்ளி மேல்.

ஆனால் அந்த ஏழு பாவாடைகளில் ஒன்றுகூட 65 வெள்ளிக்குப் போகவில்லை. தீபாவளி முடிந்த துணிக்கு அடுத்த தீபாவளி வரை ஆள் இல்லை. தைப்பூசத்துக்கு மஞ்சளைத் தேடி வருபவர்களுக்கு அரக்கு நிறப் பட்டுப் பாவாடை எதற்கு? அதோடு, உடுத்திப் பார்த்த துணி கைபடாத துணியாகத் திரும்புவதில்லை. ஒன்றில் சந்தனம், ஒன்றில் பவுடர் வாசனை, இரண்டில் விலைச்சீட்டு இல்லை. கோயிலுக்கு உடுத்திய பிறகு திருப்பியவர்களும் இருந்திருக்கலாம். நான் யாரிடமும் கேட்கவில்லை, கேட்டால் அந்தக் குடும்பம் மறுபடியும் என்னிடம் வராது. கடைசியில் ஒவ்வொன்றும் 35 வெள்ளிக்குத்தான் போயிற்று. அப்போது ஒரு பாவாடைக்கு நட்டம் 31 வெள்ளி; இதை மூன்று வெள்ளியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மறுவிற்பனை விலை 63 வெள்ளிக்குக் கீழே இறங்கும் என்று தெரிந்தால், துணியை அவரிடமே விட்டுவிடுவதுதான் மேல் என்று இந்தக் கணக்கு சொல்கிறது. பண்டிகைத் துணி அந்த விலைக்குக் கீழே இறங்காமல் நான் பார்த்ததில்லை.

அந்த 20 வெள்ளியை நான் தள்ளுபடி என்று சொல்வதில்லை, தையல் கூலி என்றே சொல்கிறேன். பாவாடையில் பெரும்பாலும் உள்மடிப்பு இருக்கும்; நீளம் போதாவிட்டால் அதைப் பிரித்துவிடலாம், நீளம் மிகுந்தால் இன்னொரு மடிப்பு வைக்கலாம். எங்கள் பக்கத்துத் தோட்டங்களில் தையல் இயந்திரம் வைத்திருக்கும் அக்கா ஒருவராவது இல்லாத குடியிருப்பைக் காண்பது கடினம். “துணி உங்களிடமே இருக்கட்டும், அருகில் தைப்பவரிடம் கொடுத்துச் சரிசெய்துகொள்ளுங்கள், கூலியை நான் அனுப்புகிறேன்” என்று குரல் பதிவு அனுப்பினால், பத்தில் ஏழெட்டுப் பேர் ஒப்புக்கொள்கிறார்கள். கைப்பேசி வழியே பணம் நொடியில் போய்ச் சேர்ந்துவிடுவதால் பேச்சும் அன்றைக்கே முடிகிறது. ஒப்புக்கொள்ளாதவர்களை நான் வற்புறுத்துவதில்லை; அவர்களிடம் திருப்பி வாங்கிக்கொள்கிறேன்.

நிறத்துக்கு இந்த வழி அவ்வளவாகச் செல்லாது. மயில்கழுத்து நிறத்தில் பாவு (நீளவாக்கு நூல்) ஒரு நிறம், ஊடை (குறுக்கு நூல்) ஒரு நிறம். பார்க்கும் கோணத்துக்கேற்ப அது நீலமாகவும் பச்சையாகவும் தெரியும். கைப்பேசிப் படத்தில் நீலம் மட்டும் விழுந்திருந்தால், பச்சையைக் கண்டு ஏமாந்தவருக்குத் தையல் கூலியால் என்ன பயன்? அது படம் எடுத்த என் பிழை. சட்டத்தின் கண்ணிலும் விவரத்துக்கு மாறான பொருளாகத் தோன்றக்கூடும் என்பதால், அதற்கு முழுப் பணத்தையும் தந்துவிடுகிறேன். அதன் பிறகு இத்தகைய துணிகளை வெயிலில் ஒன்றும் நிழலில் ஒன்றுமாக இரண்டு படங்கள் எடுத்துப் போடுகிறேன்.

இந்த முறையைச் சிலர் தவறாகப் பயன்படுத்துவார்கள் என்று பலர் எச்சரித்தார்கள். துணியை உடுத்திய நிலையில் ஒரு படமும், அளவு நாடா வைத்து ஒரு படமும் கேட்கிறேன். ஒரே எண்ணிலிருந்து இரண்டாவது முறை வந்தால் திருப்பி வாங்கும் முறைக்கு மாறிவிடுகிறேன். இதுவரை அப்படி இரண்டு பேரைத்தான் பார்த்திருக்கிறேன். என்னிடம் வாங்குபவர்களில் பாதிப் பேர் ஏதோ ஒரு வகையில் தெரிந்தவர்கள் என்பதும் இதற்குக் காரணமாக இருக்கலாம். முகம் தெரியாதவர்களுக்கே விற்பவர்களின் அனுபவம் வேறாக இருக்கக்கூடும்.

இவை எல்லாம் வாட்ஸ்அப்பில் நேரடியாக விற்பவற்றுக்கே. பெரிய விற்பனைத் தளங்களில், வாங்கியவர் பொருளை ஏற்றுக்கொள்ளும் வரையோ காலக்கெடு முடியும் வரையோ பணம் தளத்திடமே நிற்கிறது. முடிவும் நம் கையில் மட்டும் இல்லை. அங்கே நான் விற்பது மிகக் குறைவு. சபா, சரவாக்குக்கு இதுவரை நான்கு முறைதான் அனுப்பியிருக்கிறேன், ஒன்றும் திரும்பவில்லை. ஆனால் அங்கே அஞ்சல் செலவு கூடுதல் என்பதால், திருப்பி வாங்குவது இன்னும் கட்டுப்படியாகாது என்றே கணக்கிடுகிறேன்.