வங்காள நடவுக் குழு: எங்கள் தேரூர் வயலில் பார்த்தது

பேச்சிப்பாறை அணைத் தண்ணீர் கால்வாயில் வந்துவிட்டது, வயல் தொழி அடித்துச் சேறாகத் தயாராகக் கிடக்கிறது, நடுவதற்கு ஊரில் ஆள் இல்லை. எங்கள் குமரி மாவட்டத்தின் முதல் நெல் போகமான கன்னிப்பூவுக்கு ஒரு ஏஜென்ட் மூலம் மேற்கு வங்கத் தொழிலாளர்களை அழைத்தேன். இதே யோசனையில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நாற்றுப் பறிப்பும் சேர்த்து ஏக்கருக்கு 5,000 ரூபாய் பேச்சு. வந்தவர்கள் பன்னிரண்டு பேர், அத்தனை பேரும் ஆண்கள். நடவு பெண்கள் வேலை என்றே பழகிய ஊர் என்பதால் வரப்பில் கூட்டம் கூடிவிட்டது. அம்பை 16 ரக நெல் நாற்று. குத்துக்கு இரண்டு, மிஞ்சினால் மூன்று. சேற்றில் ஆழப் புதைக்காமல் விரல் நுனியால் மேலாக ஊன்றியபடியே பின்னால் நகர்கிறார்கள். ஆழ நட்டால் தூர் கட்டாது என்று அவர்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நட்ட பயிர் சீக்கிரமே பச்சை பிடித்தது. வேலைக்கு முழு மதிப்பெண் தருவேன்.

கோபமெல்லாம் ஏஜென்ட் மேல்தான். அன்றைக்கே இன்னொருவர் வயலையும் ஒப்புக்கொண்டுவிட்டு, மதியத்துக்குப் பிறகு போன் மேல் போன் போட்டு விரட்டினார். கடைசி வயலின் மூலைகளில் நாற்று நெருக்கமில்லாமல் விழுந்தது. நானும் மனைவியும் இறங்கி நிரப்பினோம். 5,000 ரூபாயில் ஆட்களின் கைக்கு எவ்வளவு போகிறது என்று கேட்டேன், பதில் இல்லை. அவர்களைத் தங்கவைத்திருந்தது கழிப்பறைகூட இல்லாத ஷெட்டில். வெளிமாநிலத் தொழிலாளருக்குப் பயணப்படியும் தங்குமிடமும் ஒப்பந்தக்காரர் பொறுப்பு என்று 1979-லேயே சட்டம் எழுதிவைத்த நாடு இது.

மஸ்கட்டில் வேலை பார்க்கும் என் மகன் போனில் இந்தி பேசி உதவினான். குழுத் தலைவர் முர்ஷிதாபாத்காரர், சொந்தமாக இரண்டு பிகா நிலம், ஒரு ஏக்கருக்கும் குறைவு. அங்கே ஆமன் என்னும் மழைக்கால நெல்லின் நடவு ஜூலை, ஆகஸ்டில். அதற்கு முன் ஜூனில் இங்கே நட்டு, அந்தக் கூலியில் உரம் வாங்கித் தன் வயலில் இறங்குகிறார். அந்தப் பயிர் அறுவடைக்கு வருமுன் அக்டோபரில் நம் இரண்டாம் போகமான கும்பப்பூவுக்குத் திரும்புகிறார். அவர் வயலும் நம் வயலும் ஒரே கூலியில்தான் பிழைக்கின்றன.

உள்ளூர்ப் பெண்களின் பிழைப்பு போய்விடாதா என்று கேட்பார்கள். எனக்கும் அந்தக் கவலை இருந்தது. நெடுங்காலம் எங்கள் வயலில் நட்ட அக்காவிடமே கேட்டேன். “குனிந்து நட இனி இடுப்பு தாங்காது தம்பி. இளையவர்கள் முந்திரி ஆலைக்கும் நாகர்கோவில் ஜவுளிக்கடைக்கும் போய்விட்டார்கள். வயல் தரிசாகப் போனால்தான் எங்களுக்குக் களை பறிப்பும் இல்லாமல் போகும்” என்றார். இந்தமுறை களை பறித்தது அவரும் அவருடன் வந்தவர்களும்தான். சுற்றிலும் எத்தனை வயல் தென்னந்தோப்பாகவும் வீட்டுமனையாகவும் மாறியது என்று பார்த்தவர்களுக்கு அவர் பேச்சு புரியும்.

கும்பப்பூவுக்குக் குழுத் தலைவரையே நேரடியாக அழைக்கப் போகிறேன். வீட்டின் பின்கட்டில் இரண்டு அறையும் கழிப்பறையும் அவர்களுக்குத்தான். ஏஜென்ட் மூலம் போகிறவர்கள், ஒரு நாளைக்கு ஒருவர் வயல் மட்டும் என்று முதலிலேயே பேசி முடியுங்கள், கூலியைக் குழுவின் கண்முன்னே கொடுங்கள். கன்னிப்பூவுக்கு மே மாதமே சொல்லிவைக்க வேண்டும். ஜூலை பிறந்தால் அவர்கள் ஊருக்கு ரயில் ஏறிவிடுவார்கள்.