திருச்சியில் அம்மாவுக்கு வீடியோ கேம் பிசியோ: பார்த்ததும் விசாரித்ததும்

இந்தத் தடவை டொராண்டோவிலிருந்து ஊருக்குப் போனது முக்கியமாக ஒரு வேலைக்காக. பக்கவாதத்துக்குப் பிறகு அம்மாவின் இடது கையும் காலும் பலவீனமாகவே இருந்தன. வீட்டில் செய்யச் சொன்ன பயிற்சிகளை அவர் செய்யவில்லை. "இதையே எத்தனை தடவைடா செய்யறது" என்பார். உடலை அசைத்து விளையாடும் வீடியோ கேம் வைத்துப் பயிற்சி தரும் இடங்கள் திருச்சியிலும் இருக்கின்றன என்று அண்ணி சொன்னார். அப்படி ஒன்றில் சேர்த்துவிட்டு வரலாம் என்பதுதான் திட்டம்.

முதலில் போன இடத்தில் பெரிய திரை, ஏசி, வரவேற்பறை எல்லாம் இருந்தன. மொத்த அமர்வுகளுக்கும் முன்பணம் கட்டச் சொன்னார்கள், கட்டினோம். கடைகளில் கிடைக்கும் சாதாரண டென்னிஸ், பவுலிங் விளையாட்டுகளைப் போட்டு அம்மாவை டிவிக்கு முன் நிற்க வைத்துவிட்டு, பிசியோ அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். வழுவழுப்பான டைல்ஸ் தரை. பிடித்துக்கொள்ளக் கம்பியோ நாற்காலியோ பக்கத்தில் இல்லை. திரையைப் பார்த்துக்கொண்டே இடது பக்கம் திரும்பிய அம்மாவுக்குக் கால் பின்னியது. நான் பக்கத்தில் இருந்ததால் பிடித்தேன். ஏற்கெனவே நடை தடுமாறும் ஒருவரைத் திரையில் கவனம் போகிற வேலையில் தனியாக விடுவதை எந்த வகையிலும் ஏற்க முடியாது. அன்றோடு நிறுத்திவிட்டோம். முன்பணம் திரும்பி வரவில்லை.

அடுத்துப் போனது தில்லைநகரில் ஒரு மாடியில் இருந்த சின்ன மையம். சுவரில் நடுத்தரமான டிவி, அதன் கீழே பழைய கினெக்ட் கேமரா, முன்னால் இரண்டு பக்கமும் பிடித்துக்கொள்ளும் கம்பிகள், பின்னால் கைப்பிடி வைத்த நாற்காலி. கினெக்ட் 2010-இல் மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் என்ற வீடியோ கேம் பெட்டிக்காக வந்த கருவி. அகச்சிவப்பு ஒளியை வைத்து எதிரில் நிற்பவரின் மூட்டுகள் எங்கே இருக்கின்றன என்று கணக்கிடும். கையில் எதையும் பிடிக்க வேண்டியதில்லை. கை மடங்காதவர்களுக்கு இது பெரிய வசதி. 2017-இல் மைக்ரோசாஃப்ட் தயாரிப்பை நிறுத்திவிட்டது. இங்கே இருந்தது பழைய சாமான் கடையில் வாங்கியதாம். அதனால் ஒன்றும் குறையவில்லை.

வித்தியாசம் மென்பொருளில் இருந்தது. பயிற்சிக்கென்றே எழுதியது. திரையில் வரும் பலூனைக் கையை நீட்டித் தொட வேண்டும். பலூன் எந்தப் பக்கம் வர வேண்டும், எவ்வளவு உயரத்தில், எவ்வளவு வேகத்தில் என்று பிசியோ மாற்றிக்கொண்டே இருந்தார். வலது மூளையில் அடைப்பு வந்தவர்கள் சிலர் இடது பக்கம் ஒன்று இருப்பதையே கவனிக்க மாட்டார்கள். அம்மாவுக்கும் அது கொஞ்சம் உண்டு, தட்டின் இடது ஓரத்துப் பொரியல் அப்படியே கிடக்கும். அதனால் பலூன்களைக் கொஞ்சம் கொஞ்சமாக இடது பக்கமே நகர்த்தினார். கடை விளையாட்டுகளில் இந்த வசதி கிடையாது. வேகம் இளைஞர்களுக்கானது, தோற்றால் தோற்றது என்று திரை சொல்லிவிடும்.

இன்னொன்றும் அங்கேதான் புரிந்தது. கை பலூனைத் தொட்டுவிட்டால் கருவி மதிப்பெண் போட்டுவிடும், எப்படித் தொட்டோம் என்பதைப் பார்ப்பதில்லை. கை எட்டாதவர்கள் தோளைத் தூக்கியும் இடுப்பைச் சாய்த்தும் எட்டுவார்கள். அந்தத் தவறான அசைவே பழகிவிட்டால் கை மீண்டு வருவது தள்ளிப்போகும். "அம்மா, தோளைத் தூக்காதீங்க, முழங்கையை நீட்டுங்க, ஆங், அப்படித்தான்" என்று பிசியோவான அந்தப் பெண் அமர்வு முழுக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார், ஒரு கை அம்மாவின் முதுகுக்குப் பின்னால். அந்த அமர்வுக்கு நான் கொடுத்த 600 ரூபாய் இந்தக் கவனிப்புக்காகத்தான் என்பேன்.

நம் ஊருக்கே உரிய சிக்கலும் உண்டு. சேலையில் கால் எங்கே இருக்கிறது என்று கினெக்ட்டுக்குத் தெரியாமல் திணறியது. சுடிதார் போட அம்மா சம்மதிக்கவே இல்லை. கடைசியில் கால் பயிற்சியைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கருவி இல்லாமலும், கைப் பயிற்சியைத் திரையிலும் என்று பிரித்துக்கொண்டார்கள். பிசியோ ரொம்ப நெருங்கி நின்றாலும் கருவி இருவரையும் குழப்பிக்கொள்கிறது. அதற்காக அவர் தள்ளி நிற்கவில்லை. மதிப்பெண் போனால் போகட்டும் என்றார்.

சரி, இந்த விளையாட்டுகளால் உண்மையில் எவ்வளவு பயன்? இதை நான் முன்பே படித்திருந்தேன், காரணம் ஆராய்ச்சியை நடத்தியதே எங்கள் டொராண்டோக்காரர்கள். கனடா, அர்ஜென்டினா, பெரு, தாய்லாந்து என நான்கு நாடுகளில், பக்கவாதம் வந்து மூன்று மாதத்துக்குள் இருந்த 141 பேரை இரண்டு குழுவாகப் பிரித்தார்கள். வழக்கமான சிகிச்சையோடு ஒரு குழுவுக்கு நின்டெண்டோ வீ என்ற, கையை அசைத்து விளையாடும் வீடியோ கேம், இன்னொரு குழுவுக்குச் சீட்டு போன்ற சாதாரண விளையாட்டுகள். 2016-இல் லான்செட் நியூராலஜி என்ற மருத்துவ இதழில் முடிவு வந்தது. இரண்டு குழுவுமே முன்னேறியது, ஒன்றை ஒன்று மிஞ்சவில்லை. மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பு 2017-இல் இப்படிப் பல ஆய்வுகளைப் பார்த்தபோதும், கை அசைவைப் பொறுத்தவரை வழக்கமான பயிற்சிக்குப் பதிலாக வைத்தால் கூடுதல் லாபம் இல்லை, அதோடு சேர்த்துப் பயிற்சி நேரத்தை அதிகமாக்கினால் பலன் கிடைக்கலாம் என்றுதான் வந்தது.

ஆக, எத்தனை தடவை கையை நீட்டினோம் என்பதுதான் கணக்கு. எதை வைத்து நீட்டினோம் என்பது இரண்டாம்பட்சம். சலிக்காமல் நீட்ட வைப்பதுதான் விளையாட்டின் வேலை. பிசியோவிடம் இதைச் சொன்னேன். "வீட்ல பல்லாங்குழி இருக்கா சார்?" என்று கேட்டார். பரணில் இருந்தது. சோழிகளை இடது கையால் ஒவ்வொன்றாக எடுத்துக் குழியில் போடச் சொன்னார். கினெக்ட்டால் விரல்களைப் பார்க்க முடியாது, அந்த வேலையைச் சோழி செய்தது. அண்ணன் மகளோடு போட்டி என்றதும் அம்மா நேரம் பார்க்கவில்லை.

கை விரல்களுக்கென்றே வேலூர் சிஎம்சியும் சென்னை ஐஐடியும் சேர்ந்து புளூட்டோ என்ற சின்ன ரோபோவை உருவாக்கியிருக்கின்றன. மணிக்கட்டும் விரல்களும் அசைவதைத் திரை விளையாட்டோடு இணைக்கும். இந்த மாதிரி நம் ஊரிலேயே செய்த கருவிகள் திருச்சி அளவு ஊர்களுக்கும் பரவ வேண்டும்.

அப்புறம், லால்குடிப் பக்கம் இருக்கும் சித்தப்பாவைப் பார்க்கப் போனேன். அவருக்குத் திரையும் கிடையாது, மையமும் கிடையாது. 2021 ஆகஸ்டில் அரசு தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோ வீட்டுக்கே வந்து பயிற்சி தருகிறார், ஒரு பைசா செலவில்லாமல். அவர் வராத நாட்களில் செய்ய வேண்டியதைச் சித்தியிடம் சொல்லிவிட்டுப் போகிறார். சித்தப்பா வாசல் வரை நடக்கிறார்.

ஊரில் அப்பா அம்மாவுக்காக இப்படி ஓரிடம் தேடுகிறவர்கள், பணம் கட்டும் முன் ஓர் அமர்வு முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். பிசியோ விலகாமல் நிற்கிறாரா, கம்பி இருக்கிறதா, வேகத்தைக் குறைக்க முடிகிறதா, வீட்டுக்கு என்ன பயிற்சி சொல்லி அனுப்புகிறார் என்று கவனியுங்கள். அம்மா இப்போது வாரத்தில் இரண்டு நாள் தில்லைநகர் போகிறார். மற்ற நாட்களில் பல்லாங்குழி.